43 நிமிடம், ஒரு வரிப் பாட்டும் இல்லை: ‘ரெயின்போ டோம் மியூசிக்’ பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் பின்னேரங்களில் அடிக்கடி ஓடுகிற அல்பம் இது. வீட்டுக்கு வருகிறவர்கள், வேலிக்கு அப்பால் நின்று “என்ன தம்பி, றேடியோ பழுதோ?” என்கிறவர்கள், வட்சப்பில் குரல்செய்தி அனுப்புகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

இது என்ன அல்பம்? யார் வாசித்தது?

ஸ்டீவ் ஹிலேஜ் என்ற ஆங்கிலேயக் கிற்றார்காரரும், மிக்கெற் ஜிரோடி என்ற பிரெஞ்சு சிந்தசைசர் கலைஞரும் 1979-இல் வெளியிட்டது. அதற்கு முன் இருவரும் ‘கோங்’ என்ற குழுவில் இருந்தவர்கள். இசையிலும் வாழ்க்கையிலும் இணையர். அல்பத்தில் இரண்டே உருப்படிகள்: முதலாவது 23 நிமிடத்துக்குச் சற்று மேல், இரண்டாவது 20 நிமிடத்துக்குச் சற்று மேல். பாடகர் இல்லை, டிரம்ஸ் இல்லை.

சரி, பாட்டு எப்போது தொடங்கும்?

தொடங்காது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாங்கள் சினிமாப் பாட்டில் வளர்ந்த ஆட்கள். முன்னிசை முடிந்ததும் ஒரு குரல் வரும் என்று காது காத்திருக்கும். இங்கே முதலில் தண்ணீர் ஓடும் சத்தம், பிறகு சின்ன மணிகள், பிறகு சுழன்று சுழன்று வரும் சிந்தசைசர் சுரங்கள். இவ்வளவும் வந்தபின் “இப்ப வரப்போகுது” என்று நிமிர்ந்து உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு பத்து நிமிடம் போல இருக்கும். அது ஓய்ந்தபின் கேட்பதுதான் உண்மையான அல்பம். பாதிப் பேர் அதற்குமுன் எழுந்து போய்விடுகிறார்கள், அதுவும் குற்றமில்லை.

ஏன் இவ்வளவு நீளம்?

இரண்டு காரணங்கள். ஒன்று, இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல தரத்தோடு 20 முதல் 25 நிமிடம்தான் அடங்கும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஓர் உருப்படி.

மற்றது பெரிய காரணம். 1979 ஏப்ரலில் லண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் உடல், உள்ளம், ஆன்மா என்ற பெயரில் ஒரு விழா நடந்தது. அங்கே ‘ரெயின்போ டோம்’ என்று ஒரு குவிமாடம் அமைத்திருந்தார்கள். அதற்குள் வந்து இருந்துவிட்டுப் போகிற ஆட்களுக்காகச் செய்த இசை இது. மேடை பார்த்துக் கதிரையில் அமர்ந்த கூட்டத்துக்குச் செய்ததல்ல. ஒருவர் நடுவில் வருவார், ஒருவர் நடுவில் போவார். யார் எப்போது வந்தாலும் “முக்கியமான இடத்தைத் தவறவிட்டேனே” என்ற எண்ணம் வரக்கூடாது. அப்படிப்பட்ட இசைக்கு உச்சக்கட்டம் வைக்க முடியாது. வைத்தால் முன்னே வெளியே போனவர் ஏமாந்துபோவார்.

எனக்கு இந்த அல்பம் பிடித்ததே இதனால்தான். இது ஓர் இடத்துக்காகக் கட்டிய இசை. இதைக் கேட்பதற்குத் திறமையோ பொறுமையோ பெரிதாகத் தேவையில்லை, பொருத்தமான இடம் ஒன்று இருந்தால் போதும்.

நீளத்தைப் பற்றி முறைப்பாடு செய்கிறவர்களிடம் இன்னொன்றும் கேட்பேன். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துக்குப் பாயோடு போய் விடிய விடிய இருந்த சனம்தானே நாங்கள்? நடுவில் நித்திரை கொண்டு, தேத்தண்ணி குடித்து, திரும்பி வந்து பார்த்தாலும் கூத்து பிடிபடும்.

திருவிழா இசைக்குழுவில் வைத்திருக்கிற ஓர்கனும் இந்தச் சிந்தசைசரும் ஒன்றா?

சொந்தக்காரர்கள்தான், ஆனால் பழக்கம் வேறு. எங்கள் இசைக்குழுக்களின் ஓர்கனில் வயலின், புல்லாங்குழல், தவில் எல்லாம் முன்பே பதிந்து இருக்கும். பொத்தானை அமர்த்தினால் வரும். இந்த அல்பத்தில் உள்ள, ‘ஆர்ப்’, ‘மூக்’ என்ற நிறுவனங்களின் சிந்தசைசர்களில் அப்படி எதுவும் இல்லை. மின்சுற்று ஒன்று அலையை உண்டாக்கும், வடிகட்டி ஒன்று அதில் கூர்மையான பகுதிகளைக் குறைக்கும், இன்னொரு சுற்று அந்த ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து அடங்கவேண்டும் என்று தீர்மானிக்கும். வாசிப்பவர் விசைகளைவிடக் குமிழ்களைத்தான் அதிகம் கவனிப்பார். ஒரே சுரத்தை வைத்துக்கொண்டு வடிகட்டியை மெல்லத் திறந்தாலே, இருட்டாக இருந்த ஒலி வெளிச்சமாகும். முதல் பக்கத்தில் பாதி வேலை அதுதான். இவற்றோடு ஃபென்டர் ரோட்ஸ் எலெக்ரிக் பியானோவும் இருக்கிறது. மணி போலவும் மரம் போலவும் ஒலிப்பது அது.

ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருகிறதே. மெஷினைப் போட்டுவிட்டு ஆட்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்களா?

மெஷின் உண்டு. அதற்கு சீக்குவென்சர் என்று பெயர். எட்டோ பதினாறோ சுரங்களை அதில் வைத்துவிட்டால் அந்த வரிசையை ஓயாமல் வாசிக்கும். ஆனால் ஆட்கள் எங்கும் போகவில்லை. வரிசை அப்படியே இருக்க, அதன் நிறம், ஓசை அளவு, எதிரொலி எல்லாவற்றையும் கையால் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொரு உத்தி இந்த வகை இசையில் நிறைய உண்டு: நீளம் வேறான இரண்டு வரிசைகளை ஒன்றாக ஓடவிடுவது. தாளம் தெரிந்தவர்களுக்குக் கணக்கு உடனே விளங்கும். ஒன்று எட்டு, மற்றது ஏழு என்று வையுங்கள். ஆதி தாளத்தையும் மிஸ்ர சாபுவையும் இரண்டு பேர் ஒரே வேகத்தில் பக்கத்தில் இருந்து போடுகிறார்கள் என்று நினையுங்கள். இரண்டின் தொடக்கமும் மீண்டும் ஒன்றாக விழ 56 எண்ணிக்கை வேண்டும். அதுவரை ஒவ்வொரு சுற்றிலும் சேர்க்கை புதிது. ஆகவே “ஒரே துண்டு” என்று காது சொல்லும்போது, உண்மையில் அதே துண்டு இன்னும் வந்திருக்காது.

கிற்றார் இருக்கிறது என்கிறீர்கள். எனக்குக் கேட்கவில்லையே?

கேட்டிருப்பீர்கள், சிந்தசைசர் என்று நினைத்திருப்பீர்கள். அதில் நீளமாக, ஆள் இல்லாமல் தானாகப் பாடுவது போல வருகிற ஒலியில் பெரும்பகுதி எலெக்ரிக் கிற்றார்தான். ‘கிளிசாண்டோ’ கிற்றார் என்று சொல்வார்கள். தந்தியை விரலாலோ பிக்காலோ மீட்டாமல், மழமழப்பான உலோகத் தண்டு ஒன்றைத் தந்திகளின் மேல் மெல்ல உரசுவார்கள். மீட்டும்போது வருகிற அந்த ‘டிங்’ என்ற தொடக்கம் இல்லாமல் போய்விடும். அதன்மேல் எதிரொலியைச் சேர்த்தால் சுரம் எங்கே பிறந்தது, எங்கே முடிந்தது என்று தெரியாது. கோங் குழுவைத் தொடங்கிய டேவிட் அலன் வளர்த்த உத்தி இது. ஹிலேஜ் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது பக்கம் முழுவதும் இந்த ஒலியில் மிதப்பதுதான். சொன்னால் ரசிகர்கள் கோபிப்பார்கள், ஆனால் எனக்கு முதல் பக்கம்தான் மேல். இரண்டாவது பக்கம் அழகாக இருக்கிறது, அழகாகவே இருந்துகொண்டும் இருக்கிறது.

அந்த எதிரொலியை அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள்?

ரேப்பால், அதாவது ஒலிநாடாவால். இந்த வகை இசையின் அடித்தளமே அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1972 செப்டெம்பரில் லண்டனில் பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞரின் வீட்டுக்கு ராபர்ட் ஃபிரிப் என்ற கிற்றார்காரர் தன் கிற்றாரோடு போனார். ஈனோ இரண்டு ரீவொக்ஸ் ரேப் ரெக்கோடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரே ரேப் இரண்டுக்குள்ளும் ஓடும். முதல் மெஷின் பதியும். ரேப் நகர்ந்து இரண்டாவது மெஷினுக்கு வரும்போது அது வாசிக்கும். வாசித்த ஒலியைத் திரும்ப முதல் மெஷினுக்கே அனுப்பினால், பழையதும் புதியதும் சேர்ந்து மீண்டும் பதியும். வாசித்த சுரம் சில விநாடி கழித்துத் திரும்பி வரும், பிறகு இன்னும் மங்கலாக மீண்டும் வரும்.

எவ்வளவு கழித்து என்பது வெறும் தூரக் கணக்கு. ரேப் விநாடிக்கு 19 சென்ரிமீற்றர் ஓடுகிறது என்றால், பதிகிற தலைக்கும் வாசிக்கிற தலைக்கும் இடையில் 95 சென்ரிமீற்றர் இருந்தால் 5 விநாடி. மெஷினைத் தள்ளி வைத்தால் எதிரொலியும் தள்ளிப்போகும். ஒரே ஆள் தன் பழைய சுரங்களோடு தானே சேர்ந்து வாசித்து, கிற்றார் ஒன்றிலிருந்து பெரிய கூட்டத்தின் ஒலியை எழுப்பினார். அன்று பதிந்தது 21 நிமிடம் வரை ஓடுகிற உருப்படியாக 1973-இல் வெளிவந்தது. பிபிசி வானொலியில் அறிவிப்பாளர் ஜோன் பீல் அதைப் பின்பக்கமாக ஓடவிட்டார் என்பது பிரபலமான கதை.

சில இடங்களில் சுருதி அசைகிறதே. பழைய பதிவு என்பதாலா?

வேண்டுமென்றே விட்டது. அந்தக்கால சிந்தசைசர்களின் மின்சுற்று சூடானால் சுருதி நகரும், ரேப்பும் துளி ஆடும். ஒரே சுரத்தை இரண்டு மின்சுற்றில் போட்டு அவற்றை மயிரிழை விலக்கி வைத்தால் ஒலி அலையாடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பட்டரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் கசற் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மிதிக்கிறவர் களைத்தால் பாட்டும் களைக்குமே, அந்த அசைவின் மிக மெல்லிய வடிவம் இது.

ஆலாபனை மாதிரிதானே இது?

பலர் அன்போடு சொல்கிற ஒப்பீடு. நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. தம்புரா போல அடியில் நிற்கும் ஒலி இருக்கிறது, தாளம் இல்லாமல் விரிகிறது, அதுவரை சரி. ஆனால் ஆலாபனையில் ஒருவர் ராகத்தைப் படிப்படியாகத் திறக்கிறார். அடுத்த பிடி என்ன என்று நாங்கள் பின்னாலேயே போகிறோம். நாதஸ்வரக்காரர் தோடியைப் பிடித்து மேல் ஸ்தாயிக்குப் போகும்போது நாங்களும் மூச்சை அடக்குவோம். இங்கே அந்தப் பயணம் கிடையாது. யாரும் எங்களை எங்கும் கூட்டிக்கொண்டு போவதில்லை. ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் அல்பம் செய்து, ‘அம்பியன்ற்’ இசை கவனித்தாலும் சுவையாக இருக்கவேண்டும், கவனிக்காமல் விடவும் இடம் தரவேண்டும் என்ற கருத்தை அதன் உறையில் எழுதினார். ஆலாபனையைக் கவனிக்காமல் விட்டால் வித்துவானை அவமதித்த மாதிரி.

இதைச் ‘சைக்கடெலிக்’ இசை என்கிறார்களே, அப்படியென்றால் போதை இசையா? பெடியள் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் தொடர்பே இல்லை என்று மறைக்கமாட்டேன். அறுபதுகளின் இறுதியில் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் புழங்கிய ஹிப்பிக் கூட்டத்திலிருந்து வந்த பாணி இது. பேர்லினின் ‘ஆஷ் ரா டெம்பல்’ குழு, எல்எஸ்டியைப் பரப்பிய திமோத்தி லியரியோடு சேர்ந்தே ஓர் அல்பம் செய்தது. அது வரலாறு. கேட்பதற்கு அதில் ஒன்றும் தேவையில்லை. அடுக்கு எதிரொலி, அலையாடும் சுருதி, மெல்ல மாறும் நிறம், எல்லாம் ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. ஊரில் பெடியளைச் சுற்றி கஞ்சாவும் ஐஸும் நிற்கிற இந்தக் காலத்தில் ஒரு தாய் இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயம். பிள்ளை இந்த அல்பம் கேட்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிள்ளை யாரோடு திரிகிறான் என்று பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் ஆன்மீக வியாபாரம் இல்லையா? திபெத் மணி, வானவில்…

கொஞ்சம் அப்படித்தான். அந்த விழாவே தியானம், யோகாசனம், மாற்று மருத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்த சந்தை. முதல் பக்கத்தில் வருகிற திபெத்திய மணிகளை எடுத்துவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையாது. ஆனால் அந்த நேரத்து நிலைமையையும் பார்க்கவேண்டும். 1979-இல் இங்கிலாந்தில் பங்க் இசைக்காரர்கள் ஹிப்பிகளைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். இந்த அல்பத்தை வெளியிட்ட வேர்ஜின் நிறுவனமே 1977-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை ஒப்பந்தம் செய்திருந்தது. எல்லாரும் மூன்று நிமிடத்தில் கத்தி முடிக்கிற காலத்தில் 20 நிமிடம் தண்ணீர்போல ஓடுகிற இசையை வெளியிடுவது நல்ல வியாபார யோசனையாகத் தெரிந்திருக்காது.

நித்திரை வருகிறதே?

வரட்டும்.

அடியில் தொடர்ந்து இரைகிற சத்தம் எனக்கு ‘வண்டை’ நினைவூட்டுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வன்னியில் மட்டும்தான் வரும். இந்த அல்பத்தைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திராத கேள்வி. கடைசி யுத்த காலத்தில் ஆளில்லா விமானம் தலைக்கு மேலே சுற்றுவதை வண்டு என்று சொன்னோம். அது சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிற்காமல் இரைகிற தாழ்ந்த ஒலியைக் கேட்டால் உடம்பு அதற்கே ஆயத்தமாகிற ஆட்கள் இங்கே நிறைய. இசை நல்லது, கேட்கக் கேட்கச் சரியாகும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி வற்புறுத்திக் கேட்க வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

கேட்கவே வேண்டாம் என்பது முழுமையான பதில். விருப்பம் இருந்தால், இரண்டாவது பக்கத்தை விடுங்கள். நீண்ட இரைச்சல் அதில்தான். முதல் பக்கத்தில் சுரங்கள் துள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். பகலில், கதவு திறந்திருக்க, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, தாழ்ந்த ஒலியைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். நிறுத்துகிற பொத்தான் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தண்ணீர்ச் சத்தம் வருகிற தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார். அதுவும் அல்பம் கேட்டதுதான்.

எங்கே, எப்படிக் கேட்பது நல்லது?

போனின் ஸ்பீக்கரில் வேண்டாம். தாழ்ந்த ஒலி அதில் வரவே வராது, மிச்சம் கொசு மாதிரி இருக்கும். சுமாரான ஹெட்போன் போதும். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் அறையின் இரு பக்கமும் வைத்து, கதைக்கிற சத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் போடுங்கள். வேலை செய்துகொண்டே கேளுங்கள்.

மாரிதான் இதற்குக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் தவளைகளும் மழையும் சேர்ந்தால் முதல் பக்கத்துத் தண்ணீர் எது, முற்றத்துத் தண்ணீர் எது என்று பிரிக்க முடியாது. இரணைமடுக் குளக்கட்டிலும் கேட்டுப் பார்த்தேன். காற்று பாதியைத் தின்றுவிட்டது, மிச்சப் பாதி நன்றாக இருந்தது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி ஊரெல்லாம் லவுட்ஸ்பீக்கர் பேசும் நாட்களில் இதைப் போடுவது வீண்.

நாங்களே இப்படி ஒன்று செய்யலாமா? செலவு எவ்வளவு?

செய்யலாம், நினைப்பதைவிட மலிவாக. போனிலேயே இலவச சிந்தசைசர் செயலிகள் உண்டு. கணினி இருந்தால் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம், அடுக்கலாம், எதிரொலியும் சேர்க்கலாம். பழைய எலெக்ரிக் கிற்றார் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. காசு மிஞ்சினால் முதலில் வாங்கவேண்டியது எதிரொலி தருகிற டிலே பெடல். கிளிசாண்டோவுக்கு ஸ்க்ரூ டிரைவரின் தண்டு போதும், கூர்முனை தந்தியில் படாமல் பக்கவாட்டில் உரசுங்கள். அழுத்தினால் கீச்சிடும்.

தண்ணீர்ச் சத்தத்தை இங்கேயே பதியுங்கள். வான்கதவு திறந்த இடத்துக்குப் போகவேண்டாம். ஆபத்து என்பது ஒன்று, பதிவிலும் அது வெறும் இரைச்சலாகத்தான் விழும். துருசுக்குக் கீழே வாய்க்கால் கல்லில் மோதிப் பிரிகிற சின்ன இடம்தான் நல்லது. போனைக் காற்றுக்கு முதுகு காட்டிப் பிடியுங்கள், மைக் துளைக்கு மேல் மெல்லிய பஞ்சு வையுங்கள்.

எல்லாரும் விடுகிற பிழை ஒன்று உண்டு: ஒலிகளைக் கூட்டிக்கொண்டே போவது. மூன்று போதும். ஒன்று நிற்க, ஒன்று சுழல, ஒன்று எப்போதாவது வர. நீளமாக வாசித்துவிட்டு வெட்டுங்கள். குறுகியதை வெட்டி ஒட்டி நீளமாக்கினால் காது கண்டுபிடித்துவிடும்.

இது பிடித்தது. அடுத்து எதைக் கேட்கலாம்?

இந்த அல்பத்தின் வழியிலேயே போக விருப்பம் என்றால் ‘தி ஓர்ப்’ குழுவின் ‘புளூ ரூம்’. அதற்கொரு கதை இருக்கிறது. 1989-இல் லண்டன் ‘ஹெவன்’ களியாட்ட விடுதியில், ஆடிக் களைத்தவர்கள் இளைப்பாறும் அறையில் ஓர்ப் குழுவின் அலெக்ஸ் பற்றர்சன் ‘ரெயின்போ டோம் மியூசிக்’கை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அங்கே வந்த ஹிலேஜ் “இது என்னுடையது” என்று அறிமுகம் செய்துகொண்டார். அந்த நட்பில் 1992-இல் வந்த ‘புளூ ரூம்’ பதிவில் ஹிலேஜ் கிற்றார் வாசித்தார். 40 நிமிடத்துக்கு மேல் போனால் தனிப்பாட்டுத் தரவரிசையில் சேர்க்கமாட்டார்கள் என்பது அப்போதைய விதி. ஆகவே சில விநாடி குறைவாக நிறுத்தினார்கள். அது பிரித்தானியாவில் எட்டாம் இடம் வரை ஏறியது. பிபிசி தொலைக்காட்சியில் அதை வாசிக்க அழைத்தபோது அவர்கள் வாத்தியத்தைத் தொடாமல் இருந்து செஸ் விளையாடினார்கள்.

கிற்றாரையும் சிந்தசைசரையும் ஒருவரே கையாள்வதைக் கேட்க வேண்டும் என்றால் மனுவேல் கொட்சிங்கின் ‘ஈ2-ஈ4’. பெயரே செஸ்ஸின் தொடக்க நகர்வு. ஆஷ் ரா டெம்பல் குழுவின் கிற்றார்காரர் அவர். 1981 டிசெம்பர் 12 அன்று பேர்லினில் தன் ஸ்ரூடியோவில் தனியாக, ஒரே மூச்சில், நிறுத்தாமல் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வாசித்தது. விமானத்தில் போகும்போது கேட்க ஏதாவது வேண்டும் என்று பதிந்தாராம். 1984-இல்தான் வெளிவந்தது. இரண்டே கோட்கள் (சுரச் சேர்க்கைகள்) மாறி மாறி வரும். கிற்றார் அரை மணித்தியாலம் தாண்டித்தான் நுழையும், ஆகவே அதற்கு முன் நிறுத்திவிடாதீர்கள். இசைத்தட்டில் வாங்கினால் பாதியில் எழுந்து புரட்டவேண்டும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை.